கிச்சாப்பின் கயிறு

பூனைக்குக் கயிறு கட்டி நடத்துகிறவள் என்று என்னைப் பார்த்துச் சிரிக்காத வீடு எங்கள் தாமான் குடியிருப்பில் இல்லை. சிரிக்கட்டும். வெள்ளத்துக்குப் பேர்போன கோத்தா திங்கியில், அதுவும் ஆற்றோரத்தில் வீடு வாங்கிய நாங்கள் எல்லோருமே ஒரு வகையில் பைத்தியங்கள்தான். என் பைத்தியம் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டால் இந்த ஊரில் யாருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. ஆளுக்கொரு பயம். என் பயம் என் பூனையைப் பற்றியது.

அதன் பெயர் கிச்சாப். மீ கோரெங்கில் ஊற்றுகிற கறுப்புக் கிச்சாப்பின் நிறம் என்று என் கணவர் செல்வா வைத்த பெயர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைப் பூனையில் தீர்த்துக்கொள்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவது என் காதுக்கும் வரும். பேசுகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டுக் கொடுப்பேன்.

போன வெள்ளத்தில் படகு வாசலுக்கு வந்தபோது கிச்சாப்பை மார்போடு அணைத்துக்கொண்டுதான் ஏறினேன். எஞ்சின் உறுமியது. அது என் தோளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, பக்கத்து மதிலில் தொற்றி, கூரைமேல் ஏறி மறைந்துவிட்டது. படகு நிற்கவில்லை. தண்ணீர் வடிந்து, வீட்டுச் சேற்றை வழித்து, அதன் தட்டைக் கழுவி வாசலில் வைத்துக் காத்துக் கிடந்த பிறகுதான் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் நான் பட்ட பயத்தை இன்னொரு முறை படமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். செல்லப்பிராணிக் கடைக்குப் போய், மார்பையும் தோளையும் சுற்றிப் பூட்டுகிற பட்டி ஒன்றும், முதுகுப்பக்கம் மாட்டுகிற கயிறு ஒன்றும் வாங்கி வந்தேன்.

எனக்கு வாய் நீளம். நான் வரவேற்பில் வேலை பார்க்கும் ஜொகூர் பாரு கண் கிளினிக்கில், டாக்டரைவிட என் குரலுக்குத்தான் நோயாளிகள் பயப்படுவார்கள். செல்வாவைக் கேட்டால் இன்னும் கூடச் சொல்வார். ஆனால் பூனையை அதட்டிப் பழக்க முடியாது. ஒரு முறை பயந்துவிட்டால் போச்சு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே உலகத்திலேயே இந்த ஒரு ஜீவனிடம் மட்டும் குரலை உயர்த்துவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டத்தை மீறாமல் காப்பாற்றினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

முதலில் பட்டியைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தேன், மோந்து பார்க்கட்டும் என்று. பிறகு சாப்பிடும்போது முதுகின்மேல் வைத்து எடுத்தேன். பூட்டிய முதல் நாள் கிச்சாப் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை விறைத்துக்கொண்டு விழுந்துவிட்டது.

"அலமாக்! செத்துப் போச்சு லா!" என்று கத்தினார் செல்வா.

"சாகல. நடிக்குது. நீங்க வாய மூடுங்க," என்று மூக்கருகே ஒரு நெத்திலியை நீட்டினேன். செத்தது எழுந்து தின்றது.

கயிறு இறுகினால் நான் இழுக்கமாட்டேன். அப்படியே நிற்பேன். அது தானாகத் திரும்பி, கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஓரடி வைத்து, கயிறு தளர்ந்ததும் ஒரு நெத்திலி. பாடம் இவ்வளவுதான். போகப் போக, லேசாக இறுகினாலே போதும், இறுகின பக்கமாகத் தானே வந்துவிடும். மாலையில் நாங்கள் தாமானைச் சுற்றி வரும்போது சிரித்தவர்களே கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

ஒரே ஒரு முறை தப்பு நடந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் வெடித்தாற்போலச் சத்தத்துடன் எங்களைக் கடந்தது. கிச்சாப் முன்னால் பாயவில்லை, பின்னால் போனது. தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, பட்டியிலிருந்து பின்பக்கமாக அப்படியே உருவிக்கொண்டு ஒரு காருக்கடியில் போய் ஒளிந்தது. வெறும் பட்டி என் கயிற்றில் தொங்கியது. முன்னால் இழுத்தால் எந்தப் பட்டியும் தாங்கும், பயந்து பின்வாங்குகிற பூனையைத் தாங்காது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு அதைப் பயமுறுத்துகிற எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கார்ப் பயணத்துக்குக் கூடை. அதைக் கூடத்தில் திறந்தே வைத்து, பழைய பாத்திக் துணி விரித்து, அதற்குள்ளேயே சாப்பாடு. பிறகு எஞ்சினைப் போடாத காரில் கூடையோடு உட்கார்ந்திருந்தோம். பிறகு தாமானை ஒரு சுற்று. கூடைக்குப் பின் சீட்டில் பெல்ட். செல்வாவிடம் திரும்பத் திரும்ப ஒன்று சொல்லியிருந்தேன்: கயிறு கையில் இருக்கணும், எதிலும் கட்டிவிட்டுப் போகக் கூடாது.

அவர் தலையாட்டுவார். ஆனால் அவர் எஸ்டேட்டில் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர். 'கட்டிப் போட்டா பத்திரம்' என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. சைக்கிள், சமையல் கேஸ் தோம்பு, வாசல் நாற்காலி என்று எதையும் கட்டாமல் வெளியே கிளம்பமாட்டார்.

பிறகு வந்த டிசம்பரில் ஒரு நாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டபோது மழைதான், வெள்ளம் இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் மழைக்கு நின்றுவிட்டதால், அதில் வேலை பார்க்கும் செல்வா வீட்டில் இருந்தார். மதியத்துக்குள் ஆறு ஏறுகிறது என்று கைபேசியில் செய்தி வரத் தொடங்கியது. உடனே கூப்பிட்டேன்.

"கிச்சாப்ப முதல்ல கூடையில போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"சரி சரி. பதறாத. நான் பார்த்துக்கிறேன் லா."

அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டு, கூட வேலை செய்யும் கிருஷ்ணகுமாரியின் காரில் ஊருக்கு ஓடி வந்தேன். ஊரின் முனையில், பள்ளிக்கூட மேட்டுக்கு அப்பால் சாலையைக் காணோம். பழுப்பாக, நுரையோடு, தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் முதல் வேலை காரை மேட்டில் ஏற்றுவது. மனிதர்கூட அப்புறம்தான். அன்றும் பள்ளிக்கூட மேடு முழுக்கக் கார்கள். அதில் எங்கள் மைவியையும் பார்த்தேன். ஓடிப்போய்க் கண்ணாடி வழியே பின் சீட்டைப் பார்த்தேன். டிவி இருந்தது. டிவிக்கு பெல்ட் போட்டிருந்தது. பக்கத்தில் அரிசி மூட்டை, சாமி படங்கள், மிக்ஸி. கூடை இல்லை.

செல்வா நனைந்த சட்டையோடு ஓடி வந்தார்.

"கிச்சாப் எங்க?"

"வீட்லதான். பத்திரமா இருக்கு. ரெண்டாவது நடையில கூட்டிட்டு வரலாம்னு வந்தேன், அதுக்குள்ள ரோட்ட மூடிடுச்சு..."

"வீட்ல எங்க?"

"குசினியில. சாமான் ஏத்துறப்ப கதவு தொறந்தே இருந்துச்சா, போன தடவ மாதிரி ஓடிடக் கூடாதுன்னு பட்டியப் போட்டு, சிங்க்குக்குக் கீழ பைப்புல கட்டிட்டேன். நல்ல முடிச்சு. கழண்டு வராது."

கழண்டு வராது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டிவிக்கு நீச்சல் தெரியாதுன்னு அத முதல்ல ஏத்தினியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னம்மா," என்றார். அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். எனக்குச் சாண் கணக்குத்தான் உயிர்க் கணக்கு. அந்தக் கயிறு என் இடுப்பு உயரம். பைப்பிலிருந்து மேலே வந்தால் சிங்க் மேடை வரை எட்டும், அதற்கு மேல் ஒரு சாண். போன வெள்ளத்தின் சேற்றுக் கோடு மேடைக்கு மேலே இருந்த சுவிட்சைத் தொட்டிருந்தது. பெயிண்ட் அடித்தும் அந்தக் கோடு எனக்கு மறையவில்லை.

மீட்புப் படகு ஒன்று கரை தட்டியது. ஆரஞ்சு மிதவை மேலங்கி போட்ட அஸ்மான் என்ற மலாய்க்காரரும் இன்னொருவரும் அதில் இருந்தார்கள். தண்ணீரில் இறங்கிப் போய்ப் படகைப் பிடித்துக்கொண்டேன். 'உள்ளே என் பிள்ளை இருக்கிறது' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் உடனே திருப்பியிருப்பார்கள். ஆனால் வேறு எந்தக் கூரையில் யார் நின்றுகொண்டிருக்கிறார்களோ. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பூனை என்றுதான் சொன்னேன். கட்டிப் போட்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

அஸ்மான் முகம் சுருங்கியது. "சபார், காக்," என்றார். பொறுங்கள் அக்கா, முதலில் மனிதர்கள், பிறகுதான் பூனை. எங்கள் வரிசைக் கடைசி வீட்டில் சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த வீரமுத்து அண்ணன் மாட்டிக்கொண்டிருப்பதாக அவருக்குச் செய்தி வந்திருந்தது. தெருவெல்லாம் மூழ்கிவிட்டதால் வழி பிடிபடவில்லை. எனக்கு வழி தெரியும் என்றேன். ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று எனக்கு மேலங்கியை மாட்டிவிட்டார். செல்வா முழங்கால் தண்ணீரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு மூலை வீடு. குசினி ஜன்னல் பக்கத்துச் சந்தைப் பார்த்தது. அந்தச் சந்தில் ஆளை விழுங்குகிற பெரிய கால்வாய் ஓடுகிறது. இப்போது கால்வாய் எது, சந்து எது என்று தெரியவில்லை. படகு அந்த வழியே திரும்பியபோது கிச்சாப்பின் குரல் கேட்டது. பசிக்குக் கத்துகிற குரல் இல்லை. நீளமாக, கட்டைக் குரலில், நான் அதுவரை அதனிடம் கேட்டே இராத ஓர் அலறல்.

"நிறுத்துங்க!" என்று கெஞ்சினேன். அஸ்மான் என் முகத்தைப் பார்க்காமல் படகை ஓட்டினார். அவர் செய்தது சரி. சரி என்று தெரிந்தும் அந்த நிமிடம் அவரைச் சபித்தேன்.

வீரமுத்து அண்ணன் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அவரைத் தூக்கிப் படகில் வைப்பதற்குள் எனக்கு யுகம் கழிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரவீனா, உன் பூன ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. இப்பத்தான் சத்தம் நின்னிருக்கு," என்றார்.

ஆமாம். சத்தம் நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது சொன்ன சொல் தவறாமல் அஸ்மான் படகை ஜன்னலோரம் ஒட்டினார். ஜன்னல் திறந்திருந்தது. இரும்புக் கம்பிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். முதலில் இருட்டு. பிறகு இரண்டு கண்கள்.

சிங்க் மேடைமேல் பின்னங்கால்களில் நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால்கள் தண்ணீர்க் குழாயைப் பற்றியிருந்தன. மோவாய்க்குக் கீழ்வரை தண்ணீர். கயிறு நேராகக் கீழே போயிருந்தது. படகின் அலை உள்ளே போய் அடித்தது, கயிறு விறைத்தது. கிச்சாப் உடனே குனிந்து, கயிறு இழுக்கும் பக்கமாக, தண்ணீருக்குள்ளேயே தலையை இறக்கியது. தும்மிக்கொண்டு மேலே வந்தது. அடுத்த அலை. மறுபடியும் குனிந்தது.

கயிறு இறுகினால் அந்தப் பக்கம் போ. போனால் தளரும். நான் கற்றுக்கொடுத்த பாடம். சமர்த்தாகச் செய்துகொண்டிருந்தது.

"கிச்சாப், வாடா கண்ணா," என்றேன், வழக்கமான மெதுவான குரலில். என்னைப் பார்த்ததும் அதன் முகம் தெளிந்தது. என் பக்கம் ஓரடி வைத்தது. கயிறு இறுகியது. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகத் திரும்பி மூழ்கியது. இந்த முறை வெளியே வர நேரமானது.

கையை நீட்டினேன், எட்டவில்லை. துடுப்பால் கயிற்றை இழுக்கலாம் என்று பார்த்தால் துடுப்பு கம்பிக்குள் நுழையவில்லை. முன்பக்கம் சுற்றிப்போய் இரும்புக் கதவுப் பூட்டை வெட்டலாம் என்றார் இன்னொருவர். அஸ்மான் பூனையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அவ்வளவு நேரம் இல்லை என்று எனக்கும் தெரிந்தது.

பின்னால் போனால்தான் பட்டி கழலும். பயந்தால்தான் பின்னால் போகும். அது பயப்படாத ஒரே ஆள் நான்.

துடுப்பைப் பிடுங்கிக் கம்பியில் ஓங்கி அடித்தேன். "போ! போ சனியனே! தொலஞ்சு போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கிச்சாப் அசையவில்லை. என்னையே பார்த்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் புரியவில்லை. என்னிடமிருந்து வரும் என்று அது நினைக்கவே இல்லை. மறுபடி அடித்தேன். முகத்தைக் கம்பிக்குள் நுழைத்துப் பல்லைக் காட்டிச் சீறினேன். பேய் பிடித்தவள் போல அலறினேன். வீரமுத்து அண்ணன் என் மேலங்கியைப் பிடித்து இழுத்தார்.

அப்போதுதான் அதன் காதுகள் தலையோடு படிந்தன. கண்கள் மாறின. நான் யார் என்று அதற்கு மறந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். மேடையோடு உள்பக்கமாகப் பின்வாங்கியது. கயிறு விறைத்தது. இந்த முறை அது கயிற்றுப் பக்கம் போகவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு இன்னும் பின்னால், இன்னும் பின்னால். பட்டி கழுத்துவரை ஏறியது. ஒரு கால் மாட்டிக்கொண்டது. புரண்டு தண்ணீருக்குள் விழுந்தது. நான் கத்துவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது திரும்பி வந்துவிடும் என்று பயந்து, அழுதுகொண்டே கத்தினேன்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக ஏதோ ஒன்று தட்டு அலமாரிமேல் தாவியது. பட்டி இல்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றது.

பிறகு அவர்கள் முன்பக்கம் போய்ப் பூட்டை வெட்டினார்கள். நான் கூப்பிட்டால் மிரண்டு அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு படகிலேயே இருந்தேன். அஸ்மான்தான் உள்ளே போய், மலாயில் ஏதேதோ கொஞ்சிப் பேசி, பிடரியைப் பிடித்து அரிசிச் சாக்கில் போட்டுக் கொண்டு வந்தார். வீரமுத்து அண்ணன் மடியில் வைத்தார். சாக்கை மெல்லத் தொட்டேன். உள்ளிருந்து சீறல் வந்தது.

மேட்டில் செல்வா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து சாக்கை வாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒன்றும் வெளியே வரவில்லை. சாக்குக்குப் பக்கத்தில் என் குரலை எடுக்க எனக்கே பயமாக இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று என் ஆத்திரத்தின் குரல்தான் ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதைச் சொல்லி எல்லோரும் என்னை மெச்சுகிறார்கள். மெச்சுகிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்குள் நடப்பது தெரியாது.

மாசி பிறந்துவிட்டது. சுவரெல்லாம் காய்ந்துவிட்டது. கிச்சாப் நன்றாகச் சாப்பிடுகிறது. கட்டிப் போட்டவரின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டு சுகமாகக் குர்குர் என்கிறது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அதைத் தடவுவார். நான் வீட்டில் இப்போது கிசுகிசுத்துத்தான் பேசுகிறேன். புதுப் பட்டி வாங்கி, தட்டின் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பட்டியை மோந்து பார்க்கிறது. அதற்குப் பட்டிமேல் பயமில்லை. கையில் நெத்திலியோடு நான் தரையில் உட்கார்ந்தால் மட்டும் எழுந்துகொள்கிறது. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னாலேயே போகிறது.

டிசம்பரில் தண்ணீர் மறுபடியும் வரும். அன்றைக்கு நான் கூப்பிட்டால் அது வராது.